கயிறு இழுத்தும் எடுக்காத மெஷின்

கார்த்திகையில் மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் போதும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று கரிசல் பூமி முழுக்க ஒரே பேச்சுதான்: களை. மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கும், அதற்குப் போட்டியாகச் சாரணையும் கோரையும் சாலுக்கு நடுவே மெத்தை விரித்திருக்கும். விதைத்த முதல் முப்பது நாளில் களையை அடக்காவிட்டால் அந்த வருட மானாவாரி கணக்கு அதோடு முடிந்தது. ஆளும் கிடைப்பதில்லை. அன்றைக்குத்தான் தாழ்வாரத்து மூலையில் கிடக்கும் களை மெஷின் ஞாபகத்துக்கு வரும். தூசி தட்டி வெளியே தூக்கி வைத்துக் கயிற்றை இழுப்பார்கள்.

"அண்ணாச்சி, போன வருசம் நல்லாத்தான ஓடுச்சு. இப்ப இருபது தரம் இழுத்தாச்சு. டுர்ருங்குது, அம்புட்டுத்தான், நின்னுபோகுது."

இதை நான் வருடம் தவறாமல் கேட்கிறேன். டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனால் கடை வாசலில் ஏற்கெனவே வரிசை நிற்கிறது, ஏனென்றால் எல்லார் மெஷினும் ஒரே வாரத்தில்தான் மக்கர் பண்ணும். முறை வந்து வாங்கி வருவதற்குள் அடுத்த மழை இறங்கிவிடும். அப்புறம் கரிசலில் கால் வைக்க முடியாது.

நம் பக்கத்து மெஷின்கள் ஓடித் தேய்ந்து கெட்டதைக் காட்டிலும் சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை, மிஞ்சினால் மார்கழி பாதி வரை வேலை. மீதி ஒன்பது, பத்து மாதம் உறக்கம். அந்த உறக்கத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பழுதை நாமே சரிசெய்யலாம். மீதியில் பெரும்பங்கை வரவிடாமலே தடுக்கலாம்.

பெட்ரோல் மெஷின் வைத்துப் புல்வெளி வெட்டுவதற்கு இந்த வறண்ட மண்ணில் இடம் குறைவு. கிருஷ்ணா நகர் ஹாக்கி மைதானத்தில் விரித்திருப்பதே செயற்கைப் புல்தான். பள்ளிக்கூடம், ஆலை வளாகம் என்று சில இடங்களில் சக்கரம் வைத்த புல்வெட்டி ஓடும். சம்சாரி வீட்டில் இருப்பவை இரண்டு. ஒன்று தோளில் மாட்டிக்கொள்ளும் பிரஷ் கட்டர். இதை வரப்பிலும் பொழியிலும் ஓடைக்கரையிலும் பயன்படுத்துகிறோம். இன்னொன்று மக்காச்சோளம், பருத்திச் சாலுக்குள் தள்ளிக்கொண்டு போகும் பவர் வீடர். 2014-15-ல் மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் வந்தபின் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று மானியம் கிடைத்து, இவை ஊர் ஊராக வந்து சேர்ந்தன. மெஷின் பெருகிய அளவுக்குப் பழுது பார்க்கும் கைகள் பெருகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

புல்வெட்டியின் பூர்வீகம் ஒரு துணி ஆலை. 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊர்ப்பக்கம் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறைச் சீவும் மெஷினைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி புல்லையும் சீவலாமே என்று யோசித்துச் செய்ததுதான் முதல் புல்வெட்டி. ஆலைச் சங்குச் சத்தத்தில் வளர்ந்த கோவில்பட்டிக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சேதி இது. பிரஷ் கட்டரில் நைலான் நரம்பைச் சுழற்றும் தலையை 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பாலாஸ் கண்டுபிடித்தார். கார் கழுவும் இடத்தில் சுழன்ற பிரஷ்ஷைப் பார்த்து வந்து, ஒரு தகர டப்பாவில் ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்து ஓட்டிப் பார்த்தாராம்.

இனி மெஷினுக்கு வருவோம். முதலில் உங்களுடையது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோல் டேங்க் மூடி மட்டும் இருந்தால் டூ ஸ்ட்ரோக், அதற்கு ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்ற வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் போன மெஷின்கள் எத்தனையோ. எங்கள் வீட்டிலேயே ஒன்று போனது. நான் ஊரில் இல்லாத நாளில் அண்ணன் மகன் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறான். அரைமணி நேரத்தில் கிறீச்சென்று நின்றுவிட்டது. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் பூனை நகத்தால் பிறாண்டின மாதிரி மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருந்தது. அதற்கு மேல் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. பிஸ்டன், சிலிண்டர் இரண்டுமே மாற்ற வேண்டியதாயிற்று. அவனைக் குறை சொல்லி என்ன? டேங்க் மூடியில் நான்தான் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அதன்பின் எங்கள் வீட்டில் கலப்பு பெட்ரோலுக்கு ஒரு கேன், வெறும் பெட்ரோலுக்கு ஒரு கேன், இரண்டிலும் பெயிண்டால் பெரிதாக எழுதியிருக்கிறது.

கலக்கும் அளவை மெஷினோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். 50-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. அதற்கென்று விற்கும் டூ ஸ்ட்ரோக் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கண்மட்டத்தில் ஊற்றக் கூடாது, மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் இதற்குப் போதும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் போகும். "கூட இருந்தா நல்லதுதானே" என்று ஊற்றினால் பிளக்கில் கரி பிடித்து, சைலன்சர் சல்லடை அடைத்து, மெஷின் இழுவை இல்லாமல் முக்கும்.

சும்மா கிடக்கும்போது என்ன கெடுகிறது? பெட்ரோல்தான். பெட்ரோலில் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போகிறது. மிச்சம் இருப்பது பிசின் மாதிரி கார்புரேட்டருக்குள் படிகிறது. இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்துவிட்டது. 2025-ல் நாடெங்கும் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அலுமினியம் பூக்கிறது, ரப்பர் குழாய் விறைக்கிறது. பழைய மெஷின்கள் பலவற்றின் புத்தகத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கூடாது என்றே அச்சிட்டிருக்கிறார்கள். பங்க்கை நாம் மாற்ற முடியாது. நம்மால் ஆவது, இரண்டு மூன்று நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதும், வேலை முடிந்ததும் மெஷினுக்குள் ஒரு சொட்டுகூட விடாமல் வடிப்பதும்தான்.

சரி, மெஷின் எடுக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது? பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். சுவிட்ச் ஆன், பெட்ரோல் குழாய் திறப்பு, சோக் மூன்றையும் பாருங்கள். (இதிலேயே பல மெஷின்கள் எடுத்துவிடும்.) அப்படியும் எடுக்கவில்லை என்றால் நாலைந்து இழுப்புக்குப் பிறகு பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது மாதிரிதான் இது. நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வருகிறது, கரண்ட் வரவில்லை அல்லது சோக் போட்டு அதிகமாகக் குடித்துவிட்டது என்று அர்த்தம். துடைத்தெடுத்த மாதிரி காய்ந்திருந்தால், பெட்ரோலே வந்து சேரவில்லை. கரியாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் கூடிவிட்டது அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எல்லாம் சுகம்.

கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது சுலபம், ஆனால் கவனம் வேண்டும். டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, சிந்தின பெட்ரோலைத் துடைத்துக் காயவிட்டு, கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் செருகுங்கள். ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிளக்கைப் பிடித்து, அதன் இரும்பு உடம்பை இன்ஜின் இரும்பில் ஒட்டவைத்து, பிளக் இருந்த ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். நீலமாகச் சடக் சடக்கென்று பொறி தெறிக்க வேண்டும். வரவில்லை என்றால் முதலில் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் சுவிட்ச் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று தேடுங்கள். காயில் மேல் பழியைப் போடுவது கடைசியில்தான். பிளக் இடைவெளி, வீடர்களில் பரவலாக இருக்கும் ஹோண்டா ஜிஎக்ஸ் 160 வகை இன்ஜினுக்கு 0.7-லிருந்து 0.8 மில்லிமீட்டர், பிரஷ் கட்டர்களில் வரும் ஜிஎக்ஸ் 35 வகைக்கு 0.6-லிருந்து 0.7.

பிளக் காய்ந்திருந்தால் வேலை கார்புரேட்டரில். வீடர் இன்ஜினில் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் தொங்கும். பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டுக் கிண்ணத்தின் அடியிலுள்ள போல்ட்டை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினால் கிண்ணம் கையோடு வந்துவிடும். பத்து மாதம் கிடந்த மெஷினில் அதைப் பார்க்க வேண்டும். பனங்கற்கண்டுப் பாகு காய்ந்த மாதிரி மஞ்சளாக ஒரு படலம், அடியில் வெள்ளையாகப் பொடி. நடுத்தண்டுக்குள் அடியிலிருந்து பார்த்தால் பித்தளையில் ஒரு சின்னத் திருகு தெரியும். அதுதான் ஜெட். பொருத்தமான தட்டைத் திருப்புளியால் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வட்டம் பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உங்கள் பழுது முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தையல் ஊசியை விட்டுக் குடையாதீர்கள். ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் மெஷின் பெட்ரோலைக் கூடக் குடிக்கும். பழைய ஒயரைச் சீவி அதிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து விடுங்கள், செம்பு மெத்தென்று இருப்பதால் பித்தளையைக் கீறாது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் காற்று ஊதினால் வேலை முடிந்தது. கிண்ணத்தைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் நசுங்காமல் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்.

பிரஷ் கட்டர் கார்புரேட்டர் வேறு சாதி. அதில் கிண்ணம் கிடையாது, மெல்லிய ரப்பர்ச் சவ்வு துடித்துத் துடித்துப் பெட்ரோலை இழுக்கும். நாலு திருகைக் கழற்றினால் சவ்வு தெரியும். விரலில் வைத்தால் துவள வேண்டும். எக்ஸ்ரே பிலிம் மாதிரி விறைத்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, புதுசு மாற்றுங்கள். கழற்றிய வரிசையை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ்கட் மேலா சவ்வு மேலா என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் டேங்க்குக்குள் ஒரு பார்வை. குழாயின் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பில்டர் கிடக்கும். கம்பியைக் கொக்கி மாதிரி வளைத்துத் தூண்டில் போட்டு இழுத்தால் வெளியே வரும். அது கறுத்துப் போயிருந்தாலோ, குழாய் வெடித்திருந்தாலோ கார்புரேட்டரை எத்தனை தரம் கழுவினாலும் மெஷின் எடுக்காது.

அடுத்தது தூசி. கரிசல் மண் ஈரத்தில் பசை, காய்ந்தால் வெடிப்பு, உழுதால் மாவு. 1901-லிருந்து கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைத்து ஆராயும் மண் இது. களிமண் துகள் மிகுந்தது. அந்த மாவு காற்றோடு போய் உள்ளே ஆயிலில் கலந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பிஸ்டன் வளையங்களைத் தின்றுவிடும். புத்தகத்தில் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏர் பில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லியிருப்பார்கள். தூசியில் ஓட்டினால் இன்னும் அடிக்கடி என்று அதன் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். நமக்கு அந்தச் சின்ன எழுத்துதான் சட்டம். காய்ந்த கரிசலில் ஓட்டும் நாளில் சாயங்காலம் தவறாமல் திறந்து பாருங்கள். பஞ்சு வகை என்றால் சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவி, முறுக்காமல் நிழலில் காயவைத்து, இன்ஜின் ஆயில் நாலு சொட்டு விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்குதான் தூசியைப் பிடிக்கும். காகித வகை என்றால் தரையில் லேசாகத் தட்டுங்கள், கழுவாதீர்கள். பில்டர் இல்லாமல் "ஒரு சால் மட்டும்" என்று ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலைத் தினமும் காலையில் மெஷினைச் சமதரையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜிஎக்ஸ் 160-ல் அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் அப்படியே செருகி எடுக்க வேண்டும். புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒரு ஆயில் மாற்று, அப்புறம் 100 மணிக்கு ஒன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒன்று. ஜிஎக்ஸ் 160-க்குச் சுமார் 600 மில்லி பிடிக்கும், சின்ன ஜிஎக்ஸ் 35-க்கு 100 மில்லிதான். இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால்தான் கால் டம்ளர் குறைந்தாலும் ஆபத்து. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கு சேர்ந்து இறங்கும். வடித்ததை ஓடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் பழைய கேனில் பிடித்து வையுங்கள்.

வீடரில் யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கத்திகள் சுற்றும் அச்சும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் உரச்சாக்கு நூல், சேலைக் கிழிசல், கோரை வேர் எல்லாம் போய் இறுகச் சுற்றிக்கொள்ளும். மேலே மண் அப்பி உலர்ந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அந்த நூல் ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் ஆயில் ஒழுகித் தீர்ந்து, ஒருநாள் கடகடவென்று பல் உடையும். வேலை முடிந்ததும் கத்திகளைக் கழற்றி, பழைய கத்தரிக்கோலால் அந்த நூலை வெட்டி எடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். அப்பின மண்ணைப் பாதி காய்ந்ததும் மரக்குச்சியால் சுரண்டினால் பாளம் பாளமாக வந்துவிடும். வேகத் தண்ணீர் அடித்தால் ஏர் பில்டருக்குள்ளும் சீலுக்குள்ளும் போகும். இன்ஜின் மேலுள்ள தகடு தகடான விசிறிப் பள்ளங்களையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காற்றுப் போகும் அந்தச் சந்தில் மண் காய்ந்துவிட்டால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

பிரஷ் கட்டர் பிளேடைக் கழற்ற முடியாமல் நட்டையே சிதைத்தவர்கள் உண்டு. காரணம், அந்த நட்டு இடதுமறை. வழக்கமான நட்டு எந்தப் பக்கம் இறுகுமோ அந்தப் பக்கம் திருப்பினால்தான் இது கழலும். பக்கவாட்டு ஓட்டையில் கம்பி செருகித் தலையைப் பூட்டிவிட்டுத் திருப்புங்கள். பிளேடைத் தொடுவதற்கு முன்னால் பிளக் கேப்பைக் கழற்றுவது மூன்று மெஷினுக்கும் பொது விதி. சக்கரம் வைத்த புல்வெட்டியில் பிளேடைக் கையால் சுற்றினாலே இன்ஜின் எடுத்துவிடக்கூடும், விரல் போயே போய்விடும். சாணை பிடித்தபின் பிளேடின் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். எடை சமமாக இல்லாத பிளேடு கையை மரக்கவைப்பதோடு உள்ளே பேரிங்கையும் தின்னும். ஓடைக்கரையில் வெட்டும்போது கரிசலுக்கே உரிய சுக்கான் கல் குண்டு மாதிரி தெறிக்கும். கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். பிள்ளைகளை 15 மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள்.

தீப்பெட்டி வேலை நடக்கும் வீடுகளில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுத்த அறைக்குப் போகும். மருந்து, குச்சி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மெஷினைக் கழற்றவும் வேண்டாம், பெட்ரோல் ஊற்றவும் வேண்டாம். வெட்டவெளிக்கு வாருங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வைக்காதீர்கள்.

கயிற்றை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் சும்மா வருகிறது, புகை நீலமாக விடாமல் வருகிறது, உள்ளே உலோகச் சத்தம் கேட்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். வளையமோ வால்வோ பேரிங்கோ போயிருக்கும், கைதேர்ந்த மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். கயிறு சுருளும் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் பழக்கமில்லாதவர்கள் பிரிக்காதீர்கள், முகத்தில் அடிக்கும்.

மார்கழியில், களை வேலை ஓய்ந்த அன்றைக்கே இதைச் செய்யுங்கள், பொங்கல் கழியட்டும் என்று தள்ளாதீர்கள். டேங்க்கை வடித்துவிட்டு, மிச்சத்தில் மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர்க் கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து கடைசிச் சொட்டையும் எடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலை மாற்றுங்கள், கறுத்த ஆயிலோடு பத்து மாதம் கிடக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி புது ஆயிலை உள்ளே விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுத்துப் பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். மெஷினை உரமூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உரத்தூசி ஈரத்தை இழுத்து இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். எலி ஏறாத உயரத்தில், பலகை மேல் வையுங்கள். கடைசியாக ஒருமுறை கயிற்றை மெல்ல இழுங்கள். ஓரிடத்தில் கை இறுகும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு வால்வும் மூடியிருக்கும் இடம் அது, ஈரக்காற்று உள்ளே போகாது. அங்கேயே நிறுத்தி, கயிற்றை மெதுவாக உள்ளே விட்டு, பருத்திச் சாக்கைப் போர்த்திவிடுங்கள்.